பழைய போர்டு கேம் வாங்கி விற்போருக்குக் கீக்மார்க்கெட்: ஒரு மதிப்புரை

நவீனப் பலகை விளையாட்டுகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்குப் போர்டு கேம் கீக் என்ற தளத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2000-ஆம் ஆண்டில் ஸ்காட் ஆல்டன், டெர்க் சோல்கோ ஆகிய இருவர் தொடங்கிய அந்தத் தளம், இன்று ஏதேனும் ஒரு விளையாட்டின் விதி, பதிப்பு, மதிப்பெண், படம் என எதைத் தேடினாலும் முதலில் போய் நிற்கும் இடமாக இருக்கிறது. அதற்குள்ளேயே உறுப்பினர்கள் தங்களுக்குள் வாங்கவும் விற்கவும் ஒரு சந்தை இயங்குகிறது. அதற்குக் கீக்மார்க்கெட் என்று பெயர். மூன்று ஆண்டுகளாக நான் அங்கே பழைய பெட்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்று வருகிறேன். விளையாடி அலுத்த பெட்டியை யாருக்காவது தள்ளிவிடும் நோக்கத்துடன் இந்த மதிப்புரையை நான் எழுதவில்லை. இதில் உண்மையிலேயே லாபம் பார்க்க முடியுமா என்று கணக்குப் போடுகிறவரின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையாக இது சுமாரானது, விலைப் பேரேடாக இதற்கு நிகராக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

பேரேடு என்று நான் சொல்வது அங்கேயுள்ள விலை வரலாற்றைத்தான். ஒரு விளையாட்டுக்கு இன்று விற்பவர் கேட்கும் விலை என்ன என்பதை எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். ஆனால் அது விற்பவரின் ஆசையைக் காட்டுமே தவிர மதிப்பைக் காட்டாது. இங்கே, முன்பு விற்றுப்போன பிரதிகள் எந்தத் தேதியில், எந்த நிலையில், என்ன தொகைக்குக் கைமாறின என்ற பட்டியல் கிடைக்கிறது. கேட்கும் விலை மலையேறி உட்கார்ந்திருக்க, விற்ற விலை அதில் பாதியைக்கூடத் தொடாத பெட்டிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் சில மாதங்களில் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி, விற்காமல் கிடக்கும் ஒரு பிரதியின் விலையைச் சந்தை விலை என்று நம்பி வாங்கியதால் போன பணமாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் போனது.

அந்தப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. தபால் செலவு அந்தத் தொகைக்குள் அடங்கியதா, பெட்டியோடு விரிவாக்கம் (மூல விளையாட்டோடு சேர்த்து ஆடத் தனியாக விற்கப்படும் கூடுதல் பெட்டி) ஏதேனும் சேர்ந்து போனதா, அட்டைகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டிருந்ததா என்பதெல்லாம் விற்றவர் எழுதிய குறிப்பில் இருந்திருக்கலாம். பட்டியலில் எஞ்சுவது எண் மட்டுமே. ஆண்டுக்கு ஐம்பது பிரதிகள் கைமாறும் விளையாட்டென்றால் அந்த எண்களின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒன்று விற்றால், அது அன்றைக்கு அந்த ஒருவருக்கு இருந்த அவசரத்தின் விலை, அவ்வளவே.

விலை வரலாற்றைவிடவும் நான் அதிகம் பயன்படுத்துவது பதிப்புப் பட்டியலை. ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் அது வெளிவந்த ஆண்டு, பதிப்பகம், மொழி வாரியாகப் பதிப்புகள் தனித்தனியே பதிவாகியிருக்கின்றன. இதன் அருமை ஒரே பெயரில் வரும் இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தவருக்கே புரியும். 2000-இல் வெளிவந்த கார்கசோன் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைப் பெட்டியில் 72 நில ஓடுகள் இருக்கும். பின்னாளைய பெட்டிகளில் ஆற்றுக்கான 12 ஓடுகளும் சேர்ந்து 84 ஆகிவிடும். 72 மட்டுமே இருக்கும் பழைய பெட்டியை விற்கும்போது, 84-ஐ எண்ணிப் பழகிய ஒருவர் வாங்கினால், பன்னிரண்டு ஓடுகள் குறைகின்றன என்று மறுநாளே கடிதம் வரும். பதிப்பைத் தெளிவாகக் குறிப்பிட்டுவிட்டால் அந்தக் கடிதம் வராது.

2010-இல் வெளிவந்த செவன் வொண்டர்ஸ் இதைவிடச் சிக்கலானது. 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது அட்டைகளின் தோற்றமே மாறிவிட்டது. முதல் பதிப்புக்காக வெளியான விரிவாக்கங்கள் புதிய பெட்டியோடு ஒட்டாது. இதனால் முதல் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு விரிவாக்கம் வேண்டுமென்றால் பழைய பிரதிகளைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி ஒரு பதிப்பு மாறும் இடத்தில்தான், மூல விளையாட்டின் பழைய பெட்டி மலிந்து, அதன் சிறிய விரிவாக்கப் பெட்டிக்குக் கிராக்கி ஏறுகிற வினோதம் நிகழ்கிறது. டொமினியனில் நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லை: 2008-இல் வந்த விளையாட்டின் இரண்டாம் பதிப்பு 2016-இல் ஆறு வகை அட்டைகளை நீக்கி ஏழு புதியவற்றைச் சேர்த்தது, ஆனாலும் பழைய விரிவாக்கங்கள் அதனோடு சேர்ந்தே விளையாடப்படுகின்றன. எந்தப் பதிப்பு எதோடு ஒட்டும், எது ஒட்டாது என்ற அறிவு யாருடைய தலையிலும் முழுதாக இருக்க முடியாது. அதைத் தேடி எடுக்க இந்தத் தளத்தைப் போல ஒழுங்கான இடம் இல்லை.

அடுத்து, பொருளின் நிலை. புதியது, புதியதைப் போன்றது, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது என்ற ஐந்து படிகளில் ஒன்றை விற்பவர் தேர்ந்தெடுக்கிறார். பெட்டியின் மூலை நசுங்கியதா, பலகையின் மடிப்பு தேய்ந்ததா என்பதைப் பற்றி இந்தப் படிகள் ஓரளவு சொல்லும். பெட்டிக்குள் எல்லாம் இருக்கிறதா என்பதைப் பற்றி எதுவுமே சொல்லாது. அட்டைகளில் ஏறிய சிகரெட் வாடையையும், ஈரக்காற்றில் பூத்த பூஞ்சையின் மணத்தையும் எந்தப் படியும் சொல்லாது, புகைப்படமும் சொல்லாது. 'முழுமையானது' என்று எழுதியிருந்த ஒரு பெட்டியை நான் வாங்கிப் பிரித்தபோது, மூடியின் உட்புறத்தில் "ஒரு ஓடு குறைகிறது, காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதை எழுதியவர் எனக்கு விற்றவருக்கும் முன்பிருந்த உரிமையாளராக இருக்க வேண்டும். விற்றவர் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. காகித ஓடு மட்டும் நேர்த்தியாக வரையப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து எண்ணாமல் ஒரு பெட்டியையும் நான் விற்பதில்லை. 'கேட்டான்' (Catan) என்ற விளையாட்டின் அடிப்படைப் பெட்டியில் 19 நில அறுகோணங்கள், 18 எண் வில்லைகள், 95 மூலப்பொருள் அட்டைகள், 25 வளர்ச்சி அட்டைகள், 60 சாலைகள், 20 குடியிருப்புகள், 16 நகரங்கள் இருக்க வேண்டும். இதை ஒவ்வொன்றாக விரலால் எண்ணுவது ஒரு முறைக்கு இனிமையாக இருக்கும். இருபதாவது முறை இருக்காது. ஒரே அளவுள்ள காய்களைப் பத்துப் பத்தாகத் தராசில் நிறுத்து, மொத்த எடையை வகுத்துப் பார்ப்பது நான் கைக்கொண்ட குறுக்குவழி. மரக்காய்களில் எடை சற்று முன்பின் ஆகும்; பிளாஸ்டிக் காய்களிலும் ஒரே தடிமனுள்ள அட்டைகளிலும் இது நம்பத்தக்கது. டிக்கெட் டு ரைட் பெட்டியில் நிறத்துக்கு 48 வீதம் ஐந்து நிறங்களில் 240 ரயில் பெட்டிகள் வருகின்றன. ஆட்டத்துக்குத் தேவைப்படுவதோ நிறத்துக்கு 45. மீதி மூன்று உபரி. ஒரு நிறத்தில் 46 இருந்தால் அந்தப் பெட்டியை 'குறையுள்ளது' என்று மலிவாக விற்றுவிடுபவர்களும் உண்டு. விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தவர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.

இந்தத் தொழிலில் நம்பத்தகுந்த லாபம் கிடைப்பது இங்கேதான் என்று நான் கருதுகிறேன். குறையுள்ள இரண்டு பெட்டிகளைத் தனித்தனியே மலிவாக வாங்கி, ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்பி, முழுமையான ஒரு பெட்டியாக்கி, எண்ணிய கணக்கையும் பரப்பி வைத்து எடுத்த படத்தையும் சேர்த்து விற்றால், எந்த அரிய பொருளும் இல்லாமலே ஒரு வித்தியாசம் கையில் நிற்கிறது. மிஞ்சிய காய்களும் வீணாவதில்லை. தொலைந்த ஒற்றைக் காய்க்காக ஏங்குகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஆனால் கீக்மார்க்கெட் இதற்கென்று தனியாக எந்த வசதியும் செய்து தரவில்லை. முழுப்பெட்டியை மனத்தில் வைத்தே அதன் அமைப்பு உருவாகியிருக்கிறது; குறைப்பெட்டியைத் தேட வேண்டுமென்றால் 'ஏற்கத்தக்கது' என்ற படியில் உள்ளவற்றின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இந்தச் சந்தையின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுவே. மறுபுறம், எல்லோராலும் எளிதில் தேட முடிந்திருந்தால் அந்தப் பெட்டிகள் எனக்குக் கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிராக்கியை அளக்கவும் தளம் உதவுகிறது, பார்க்கத் தெரிந்தால். உறுப்பினர்கள் தங்கள் விருப்பப் பட்டியலில் ஒரு விளையாட்டைச் சேர்க்கும்போது ஒன்று முதல் ஐந்து வரை முன்னுரிமை தருகிறார்கள். ஒன்று என்றால் கட்டாயம் வேண்டும். நான்கு என்றால் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐந்து என்றாலோ 'இதை வாங்காதே' என்று பொருள். ஆயிரக்கணக்கானோர் விருப்பப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்ற மொத்த எண்ணைப் பார்த்து மயங்குகிறவர், அதற்குள்ளே வாங்கவே கூடாது என்று தமக்குத் தாமே எழுதிவைத்தவர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறார். அதைக் காட்டிலும், மாற்றாகத் தர எத்தனை பேர் முன்வைத்திருக்கிறார்கள், மாற்றாகப் பெற எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. தருகிறவர் கூட்டம் பெறுகிறவர் கூட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நான் அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: அச்சில் இல்லாத அரிய பெட்டிகளை வாங்கிப் பதுக்கி வைத்தால் விலை ஏறாதா? சில பெட்டிகளுக்கு ஏறியிருக்கிறது. 2011-இல் கூட்டுநிதி, அதாவது வாங்க விரும்புவோர் பலரிடம் முன்பணம், திரட்டி வெளியிடப்பட்ட குளோரி டு ரோம் விளையாட்டின் கறுப்புப் பெட்டிப் பதிப்பு, அதை வெளியிட்ட சிறு நிறுவனம் நொடித்துப்போன பிறகு பல மடங்கு விலைக்குப் போனது. 2015-இல் ஃபேன்டசி ஃபிளைட் வெளியிட்ட ஃபர்பிடன் ஸ்டார்ஸ், அதன் கதையுலகுக்கு உரிமையாளரான கேம்ஸ் வொர்க்ஷாப்புடன் இருந்த உரிம ஒப்பந்தம் 2017 தொடக்கத்தில் முடிந்ததும் கடைகளிலிருந்து மறைந்தது. அதன் பின் கிடைப்பவை பழைய பிரதிகளே. இரண்டிலும் காரணம் ஒன்றுதான்: மறுபதிப்பு செய்யும் உரிமை எங்கோ சிக்கிக்கொண்டது. இந்தச் சிக்கல் இல்லாத விளையாட்டு நல்ல விளையாட்டாக இருந்துவிட்டால், அதை யாராவது ஒருவர் கட்டாயம் மறுபடி அச்சிடுவார். மார்ட்டின் வாலஸின் பிராஸ் 2007-இல் வந்தது. 2018-இல் ராக்ஸ்லி நிறுவனம் அதைப் புதிய ஓவியங்களோடு பிராஸ்: லங்காஷயர் என்று கொண்டுவந்தது. அதே ஆண்டில், 2007-ஆம் ஆண்டின் இன்னொரு விளையாட்டான கன்டெய்னரும் பெருவடிவப் பெட்டியில் திரும்பியது. 1989-ஆம் ஆண்டின் ஹீரோகுவெஸ்ட்கூட 2021-இல் புதிதாக வந்துவிட்டது. விளையாடுவதற்காக வாங்குகிறவர் அத்தகைய நாளில் புதிய பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். பழையதைத் தேடிச் சேர்ப்பவர் மட்டும் எஞ்சுவார். அவருக்கோ மூலை நசுங்காத பிரதி வேண்டும். பதுக்கிவைத்தவரின் கையில் இருப்பது பெரும்பாலும் நசுங்கிய பிரதி.

ஆகவே, விலை வரலாற்றில் செங்குத்தாக ஏறும் கோட்டைப் பார்த்ததும், அது ஏன் ஏறுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். உரிமச் சிக்கல் என்றால் சில ஆண்டுகள் தாங்கலாம். அச்சு தீர்ந்துவிட்டது என்பது மட்டுமே காரணமென்றால், மறுபதிப்பு அறிவிப்பு வரும் ஒரு காலைப்பொழுதில் அந்தக் கோடு கீழே விழும். அறிவிப்பு வந்த செய்தியும் இதே தளத்தில்தான் முதலில் பேசப்படும் என்பதால், விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே நேரத்தில் அதைப் படித்துவிடுகிறார்கள், முந்திக்கொள்ள வழியில்லை. கூட்டுநிதியில் இரண்டு மூன்று பிரதிகளை முன்பதிவு செய்து, வந்ததும் விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதே கதி. அவர்களைப் போலவே கணக்குப் போட்ட பலருடைய பெட்டிகளும் அதே வாரத்தில் சந்தைக்கு வந்து நிற்கும்.

ஒருமுறை விளையாடியதும் மதிப்பிழக்கும் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011-இன் ரிஸ்க் லெகசி, 2015-இன் பாண்டெமிக் லெகசி போன்றவற்றில் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அட்டையைக் கிழிப்பதும் ஆட்டத்தின் பகுதி. எக்ஸிட் என்ற புதிர் விளையாட்டு வரிசையிலும் வெட்டியும் மடித்தும் விளையாட வேண்டியிருக்கும். இவற்றைத் திறக்காத நிலையில் மட்டுமே வாங்கலாம். ஷ்ரிங்க் உறையை (புதிய பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை) மீண்டும் போடும் எந்திரம் யாரிடமும் இருக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். நாணயத்தின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்வோம். 100-க்கு வாங்கிய பெட்டி நம் கைக்கு வந்து சேரத் தபாலுக்கு 20 ஆகிறது. 160-க்கு விற்கிறோம், அனுப்பும் தபால் செலவை வாங்குகிறவரே தனியாகத் தருகிறார். சந்தைத் தரகும் பணம் செலுத்தும் கட்டணமும் சேர்ந்து விற்ற தொகையில் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் 16 போகும். அட்டைப்பெட்டி, குமிழி உறை, நாடாவுக்கு 5. எஞ்சுவது 19. எண்ணவும், துடைக்கவும், படமெடுக்கவும், கடிதங்களுக்குப் பதில் எழுதவும் மூன்று மணி நேரம் போயிருக்கும். அறுபது லாபம் என்று நினைத்தது பத்தொன்பதாகச் சுருங்கிய இந்தக் கணக்கை விற்பனைப் பக்கம் உங்களுக்குப் போட்டுக் காட்டாது.

தபாலில் இன்னொரு பொறி இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் பல, பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, உண்மையான எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. சதுரமான நடுத்தரப் பெட்டி ஒன்று 30, 30, 7 சென்டிமீட்டர் இருக்கும், இதற்கு 1.26 கிலோ. மூலை நசுங்காமல் போய்ச் சேர நாலாபுறமும் மூன்று சென்டிமீட்டர் மெத்தை வைத்துக் கட்டினால் 36, 36, 13 ஆகி, கணக்கு 3.37 கிலோவாகிவிடுகிறது. பாதுகாப்பாகக் கட்டுவதற்குத் தண்டனையாக இரண்டரை மடங்குக்கும் மேல் எடை! இதைத் தெரியாமல் முதலில் தபால் செலவைக் குறைத்துச் சொல்லிவிட்டு, வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டினேன். க்ளூம்ஹேவன் போல ஏறக்குறைய 10 கிலோ எடையுள்ள பெட்டிகளை நேரில் வந்து எடுத்துக்கொள்கிறவருக்கு மட்டுமே விற்பது என்று பிறகு முடிவெடுத்தேன்.

போலிப் பிரதிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற எளிய விளையாட்டுகளின் போலிகள் நன்றாகவே புழங்குகின்றன: அட்டை மெல்லியதாக, நிறம் ஓரிழை மாறி, வில்லைகள் அச்சடித்த அட்டையிலிருந்து பிசிரோடு பிரிவதாக இருக்கும். கீக்மார்க்கெட்டில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே நின்று பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆள் கிடையாது. நமக்கிருக்கும் துணை, ஒவ்வொரு பரிமாற்றத்துக்குப் பிறகும் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் விட்டுச்செல்லும் கருத்துப் பதிவு மட்டுமே. பல ஆண்டுக் கருத்துகள் சேர்ந்த ஒருவரிடம் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது எனக்கு நட்டமாக ஒருபோதும் முடியவில்லை.

கடைசியாக, விலையே இல்லாத ஒரு வழி. தளத்தின் உறுப்பினர்கள் அவ்வப்போது கணிதப் பரிமாற்றம் என்று ஒன்றை நடத்துகிறார்கள். ஆளாளுக்குத் தாம் தர விரும்பும் பெட்டியையும், அதற்கு ஈடாக ஏற்றுக்கொள்ளக்கூடியவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரு நிரல் அவை அனைத்தையும் அலசி, என்னுடையது உங்களுக்கு, உங்களுடையது மூன்றாமவருக்கு, மூன்றாமவருடையது எனக்கு என்று வளையங்களாகக் கோத்துத் தருகிறது. நேருக்கு நேர் இருவர் மாற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லாத பெட்டிகள்கூட இதில் நகர்ந்துவிடும். அட்டைகள் முழுக்க ஜெர்மன் வாசகம் நிறைந்த ஒரு பெட்டி என் அலமாரியில் ஓராண்டுக்கும் மேலாக விற்காமல் கிடந்தது; மூன்று முறை விலையைக் குறைத்தும் ஒருவரும் கேட்கவில்லை. கணிதப் பரிமாற்றத்தில் அதைக் கொடுத்து, செவன் வொண்டர்ஸ் முதல் பதிப்புக்கான லீடர்ஸ் விரிவாக்கத்தைப் பெற்றேன். எண்ணிப் பார்த்து, படமெடுத்து, பதிப்பைத் தெளிவாகக் குறிப்பிட்டு மறுநாள் கீக்மார்க்கெட்டில் போட்டேன். அந்த வாரமே ஒருவர் வாங்கிக்கொண்டார்.